பந்தை அங்கேயேதான் வைக்க வேண்டும்

திருமுல்லைவாயில்,
வியாழக்கிழமை.

குவார்ட்டர்ஸ் கால்பந்துக் குழுச் செயலாளரும் என் மைத்துனருமாகிய சிவராமன் அவர்களுக்கு, உலகநாதன் வணக்கம். இங்கு தங்கள் அக்கா ஹேமாவதி நலம். நான் நலமாக இல்லை; அதற்குக் காரணம் தாங்கள்.

விசில் பிடித்த நாளிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் இறுதி ஆட்டம் இந்த ஞாயிறு. அதிலிருந்து என்னை நீக்கி, தினகரனை நடுவராக்கியிருக்கிறீர்கள். அரையிறுதியை நான் தாமதப்படுத்தினேனாம். தவறு நடந்த இடத்தில் பந்தை வைத்துத்தான் ஃப்ரீ கிக் அடிக்க வேண்டும் என்பது விதி. எதிரணியைப் பத்து கெஜம் தள்ளி நிறுத்த நான் திரும்பினால், அதற்குள் பந்து கோல் கம்பத்தை நோக்கி நகர்ந்துவிடுகிறது. தொலைக்காட்சியில் நடுவர்கள் நுரை தெளித்து அடையாளம் வைக்கிறார்கள். குழுவிடம் நுரை கேட்டபோது தாங்கள் சிரித்தீர்கள். ஆகவே வீட்டிலிருந்து கோலமாவு டப்பாவை எடுத்துச் சென்றேன். தவறுக்கு ஒரு புள்ளி வைத்தேன். பந்து நின்றபோதெல்லாம் கடிகாரத்தையும் நிறுத்தினேன். நுரை மறையும், மாவு மறையாது என்கிறீர்கள். ஒரே ஆட்டத்தில் இத்தனை பேர் இத்தனை இடத்தில் காலை வாருவார்கள் என்று யார் கண்டது? இரண்டாம் பாதியில் எது புதுப் புள்ளி, எது பழைய புள்ளி என்று நான் குனிந்து ஆராய்ந்துகொண்டிருக்க, வேலியோரம் நின்ற கன்னியம்மாள், "இன்னா சார், புள்ளியா வெச்சிகினே கீறியே, எப்ப கோலம் போடப்போறே?" என்றார். மைதானமே சிரித்தது. அன்று வென்று இறுதிக்கு வந்த அணியின் தலைவன் வெங்கட் வந்து, "அண்ணாத்தே, இருட்டிகினு வருது. ஏதோ ஒரு எடத்துல வெச்சி ஊதுபா" என்கிறான். ஏதோ ஒரு இடத்தில் வைப்பதற்கு நடுவர் எதற்கு? தினகரன் அப்படித்தான்; பந்து உருளும்போதே ஊதிவிடுவார், எங்கிருந்து அடித்தார்கள் என்பது கோல் விழுந்த பிறகுதான் அவருக்கே தெரியும். அதற்குப் பெயர் விறுவிறுப்பு அல்ல, அலட்சியம்.

ஆகவே இதையே என் ராஜினாமாவாகக் கொள்ளவும். இனி யார் அழைத்தாலும் அந்த மைதானத்தில் கால் வைக்க மாட்டேன். லாவண்யாவை விசாரித்ததாகச் சொல்லவும்; குழந்தைகளுக்கு எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
உலகநாதன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் வெங்கட் வீட்டுக்கு வந்தான். "அண்ணாத்தே, ஃபைனல் நீதான் ஊதணும். நம்ம ஃபார்வர்டு உத்தமனுக்கு அன்னிக்கு ஃபாக்டரில ஓ.டி. தினகரன் ஊதுனா அவன் வர்றதுக்குள்ள மேட்சே முடிஞ்சிடும். நீ ஊதுனா ஊட்டுக்குப் போய் குளிச்சிட்டே வரலாம்" என்றான். சம்மதித்துவிட்டேன். உத்தமன் எப்போது வருகிறான் என்பது நடுவரின் கவலை அல்ல. தினகரனிடமிருந்து விசிலை வாங்கி வைக்கவும்.