ஆர்ஜொந்தெய்க்குப் போன பழுத்த இலைகள்

லா சப்பல், பாரிஸ்
22.10.2016, சனிக்கிழமை

பெருமதிப்புக்குரிய மச்சான் மகேந்திரராசா அவர்கட்கு,

இங்கு நானும் உங்கள் தங்கை சாரதாதேவியும் மகள் தாட்சாயினியும் உடல் அளவில் சுகம். அங்கு நீங்களும் அக்காவும், போன ஆடியில் உங்கள் நெஞ்சுக்குள் வைத்த குழாயும் ஒரு குறையுமின்றி இருக்க நல்லூரானை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். உடல் அளவில் என்று நான் எழுதியதற்குக் காரணம் உண்டு. நாலு நாளாக உங்கள் தங்கை என்னுடன் கதைப்பதில்லை. சோற்றைப் போட்டுத் தட்டை மேசையில் வைக்கிற சத்தத்தை வைத்துத்தான் அன்றைய நிலவரத்தை நான் அறிந்துகொள்கிறேன். இன்று மத்தியானம் கடையின் பின் அறையில் வைத்த சத்தத்தில் கடைக்குள் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது.

நீங்கள் போனை எடுக்கிறீர்கள் இல்லை. மணி அடிக்கிறது, பிறகு வெட்டுப்படுகிறது. அதாவது நீங்கள் பக்கத்தில் இருந்துகொண்டுதான் வெட்டுகிறீர்கள். ஆகவே இருபத்தெட்டு வருடத்துக்குப் பிறகு பேனா பிடித்திருக்கிறேன். நான் கடைக்காரன், சுற்றிவளைக்கத் தெரியாது. செவ்வாய்க்கிழமை காலை உங்கள் ஆர்ஜொந்தெய் ஸ்ரேசனில் எங்கள் கடையில் வேலை செய்கிற மடுத்தீன் உங்களைக் கண்டு, "அண்ணை, தாட்சாயினியின்ரை கலியாணத்துக்கு முதல் ஆளாய் நிக்கப் போறது நீங்கள்தானே?" என்று மரியாதைக்குக் கேட்டிருக்கிறான். அதற்கு நீங்கள், "காட் அனுப்பினவராமோ, காட்! செத்தாலும் அந்தக் கலியாண வாசல் மிதியன் எண்டு உன்ரை முதலாளியிட்டைச் சொல்லு" என்று சொல்லியிருக்கிறீர்கள். அவன் மன்னார்ப் பெடியன், சொன்னதைச் சொன்னபடி சொல்லுகிற பழக்கம். கடைக்குள் வந்து, கறிவேப்பிலை தெரிந்தெடுத்துக்கொண்டு நின்ற ஆறு பேருக்கு முன்னால், உங்கள் தங்கைக்கும் முன்னால், உங்கள் குரலிலேயே சொல்லிவிட்டான்.

கலியாணம் தை மாதம். தாலி ஏறுகிற நேரம் பெண்ணின் தாய்மாமன் தேங்காய் உடைக்க வேண்டும் என்பது உங்கள் வீட்டு வழக்கம், எங்கள் வீட்டில்கூட அவ்வளவு கண்டிப்பு இல்லை. என் பிள்ளைக்கு இருப்பது ஒரே ஒரு தாய்மாமன். எங்கள் கடையில் இல்லாத சாமான் லா சப்பலில் வேறு எந்தக் கடையிலும் இல்லை என்பது ஊருக்கே தெரியும். ஆனால் மாமன் விற்பனைக்கு வருவதில்லை மச்சான், வந்தால் நான் எப்போதோ இறக்கியிருப்பேன். "அண்ணை வராட்டி மணவறையிலை நான் ஏறமாட்டன்" என்று அன்றைக்குச் சொன்னதுதான் உங்கள் தங்கை கடைசியாகக் கதைத்தது.

நீங்கள் சொன்னதில் "செத்தாலும்" என்ற சொல்லை இரண்டு நாள் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். எந்தக் காட் என்பது அப்போதுதான் விளங்கியது. அந்த இலையுதிர்கால வாழ்த்து மட்டை! அது எப்படி உண்டானது என்று முழுக்கச் சொன்னால் உங்கள் கோபம் இறங்கும் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன்.

பிள்ளைக்குக் கடதாசி வேலையில் பைத்தியம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆவணியில் ஒரு கை மெசின் வாங்கி வந்தாள். முந்தி உடுப்புப் பிழிகிற மெசின் இருந்ததே, அதன் குட்டி போல ஒரு கைபிடி, இரண்டு உருளை. இலை வடிவத்தில் மெல்லிய உருக்கு அச்சு. அச்சின் மேல் தடித்த கடதாசியை வைத்து, இரண்டு பிளாஸ்ரிக் தட்டுக்கு நடுவில் கொடுத்துச் சுற்றினால் மறுபக்கத்தால் இலை வந்து விழும், நரம்பு எல்லாம் அப்படியே. கபிலத்தில் ஒன்று, செம்மஞ்சளில் ஒன்று, மஞ்சளில் ஒன்று என்று வெட்டி, அடியில் பெரிது மேலே சின்னது என்று அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் சின்னச் சின்ன ஸ்பொஞ்சுத் துண்டு வைத்து ஒட்டுவாள். "ஏன் பிள்ளை, நேரே ஒட்டினால் என்ன?" என்று கேட்டேன். "மே நோன் அப்பா! சப்பையா ஒட்டினா உயிர் போயிடும். தூக்கி நிண்டாத்தான் நிழல் விழும்" என்றாள். எனக்கு நிழலில் அக்கறை இல்லை. ஆனால் பெரிய கடை ஒன்றில் இதே மாதிரி ஒரு மட்டை ஆறு ஈரோவுக்குத் தொங்கியதைக் கண்டபிறகு எனக்கும் கொஞ்சம் கலை உணர்ச்சி வந்துவிட்டது. பக்கத்துத் தெருவில் வீதிச் சந்தை வைக்கிறார்கள், பிள்ளைக்கு ஒரு மேசை கிடைக்கும் என்றாள். சமோசாவுக்கு மட்டும் எங்கள் தெருவுக்கு வருகிற பிரெஞ்சுச் சனத்தை இலையைக் காட்டியும் கூப்பிடலாமே என்று கடையின் பின் அறையைக் கொடுத்தேன். கேடு அங்கே தொடங்கியது.

அவள் ஒரு நாளைக்கு எட்டு மட்டை செய்தாள். எட்டு மட்டையை வைத்துக்கொண்டு என்ன வியாபாரம்? அவள் வேலைக்குக் கந்தோருக்குப் போன நேரம் நானும் மடுத்தீனும் இறங்கினோம். ஒரு நிறம் ஒரு நிறமாக வெட்டுவானேன், எல்லா நிறத்தையும் ஒன்றாக அடுக்கி ஒரே சுற்றில் வெட்டுவோம் என்று யோசனை சொன்னவன் நான். பாதியில் மெசின் பிடித்துக்கொண்டது. "அண்ணை, விடுவமே" என்றான் மடுத்தீன். "விடாதை, அமத்து" என்றேன். அவன் மேசையைக் கட்டிப்பிடிக்க நான் கைபிடியில் தொங்க, பிளாஸ்ரிக் தட்டு வெடித்த சத்தத்தில் முன்னால் முருங்கைக்காய் வாங்க வந்த ஒரு மனிசி "ஐயோ, சுடுறாங்கள்" என்று அரிசி மூட்டைக்குப் பின்னால் படுத்துவிட்டா. அவவுக்குத் தண்ணீர் கொடுத்து, நெக்டோ சோடா கொடுத்து, முருங்கைக்காயைச் சும்மா கொடுத்து அனுப்பிவிட்டு வந்தால், தட்டு இரண்டு துண்டு, கைபிடி ஒரு பக்கம், அச்சு வாழைப்பழத் தோல் போல வளைந்து கிடக்கிறது. பிள்ளை வர முன்னம் புதிது வாங்கி வைத்துவிட்டோம். இன்றுவரை அவளுக்குத் தெரியாது, நீங்களும் சொல்ல வேண்டாம்.

அடுத்தது ஸ்பொஞ்சுத் துண்டு. குண்டுமணி அளவில் நாலு துண்டுக்கு அவன்கள் கேட்கிற விலை அநியாயம். என்னிடம் கீழ் அறையில் சோடி பிரிந்த இடதுகால் பாட்டாச் செருப்பு ஒரு பெட்டி கிடந்தது, ஏழு வருடச் சரக்கு. செருப்பும் ஸ்பொஞ்சுதானே மச்சான்? கத்தியால் சீவிச் சீவிக் கொடுத்தேன். ஒட்டினால் நிழல் விழுந்தது, அதில் பிழை இல்லை. ஆனால் மட்டை பாண் துண்டு மாதிரித் தடித்துப்போயிற்று, சாதாரண கவருக்குள் நுழைய மறுத்தது. ஆகவே கலியாண அழைப்பிதழுக்கு என்று கடையில் வைத்திருக்கிற பெரிய தடித்த கவரையே எல்லாவற்றுக்கும் எடுத்து வைத்தோம். றப்பர் மணம் போகட்டும் என்று நான் ஒரு சந்தனத் தூளும் தூவினேன்.

சந்தைக்கு முதல் நாள் உங்கள் தங்கை கடைக்கு வந்தா. மேசையில் கட்டுக் கட்டாக மட்டைகள். இருபது வருடமாக எங்கள் கடையால் போன ஒரு கலியாணக் காட்டும் மூலையில் மஞ்சள் படாமல் போனதில்லை. அது அவவின் கை வேலை. நாங்கள் மறந்துவிட்டோம் என்று நினைத்து, கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து, நூற்றிருபது மட்டைக்கும் நாலு மூலையிலும் தொட்டு வைத்துவிட்டா. தாட்சாயினி வந்து பார்த்துவிட்டு நிலத்தில் குந்தி அழத் தொடங்கினாள். "அம்மா, செ லோத்தோன்! இது இலையுதிர்காலம், கலியாணம் இல்லை!" என்கிறாள். இவவோ, "எதெண்டாலும் மங்களமா இருக்கட்டுமன், இப்ப என்ன குறைஞ்சு போச்சு?" என்கிறா. மறுநாள் என்ன நடந்தது தெரியுமோ? முதல் வந்த பிரெஞ்சு மனிசி மூலையை மணந்து பார்த்துவிட்டு, இந்த மஞ்சள் சாயம் எப்படி உண்டாக்கினீர்கள், காடே மணக்கிறதே என்று ஆறு வாங்கினா. மத்தியானத்துக்குள் மேசை துடைத்த மாதிரி. கேட்டவர்களுக்கு எல்லாம், "அது எங்கள் வீட்டு முறை" என்று பிள்ளை பெருமையாகச் சொன்னதை என் காதால் கேட்டேன்.

மிஞ்சியது, மஞ்சள் படாமல் ஒரு பெட்டிக்குள் கிடந்த பன்னிரண்டு. அதைத்தான் சொந்தக்காரருக்கு அனுப்புவம் என்றாள் பிள்ளை. உங்களுக்கு என்று எல்லாவற்றிலும் திறமானதைத் தெரிந்து எடுத்தாள்: ஒன்பது இலை, அஞ்சு அடுக்கு, நடுவில் மொட்டை மரம். முத்திரை ஒட்டித் தபாலில் போட்டவன் நான்.

மடுத்தீன் வந்து சொன்னபிறகு இன்னும் அனுப்பாமல் கிடந்த அதே மாதிரி மட்டை ஒன்றை எடுத்து, ஒரு யாழ்ப்பாணத்தான் கண்ணால் முதல் தரமாகப் பார்த்தேன். மொட்டை மரம். விழுகிற பழுத்த இலை. மண் நிறம். மூலையில் ஒரு சொட்டு மஞ்சள் இல்லை. செத்தவீட்டு அந்தியேட்டி மட்டைக்குக்கூட நாங்கள் இவ்வளவு துக்கமாக அடிப்பதில்லை. காவோலை விழக் குருத்தோலை சிரிக்குமாம் என்று கேட்டு வளர்ந்த மனிசனுக்கு, நெஞ்சுக்குள் குழாய் வைத்த வருசம், இப்படி ஒன்று வந்தால் அவர் என்ன நினைப்பார்? உங்களுடையதுக்குள் பிரெஞ்சில் என்ன எழுதினாய் என்று பிள்ளையிடம் சும்மா மாதிரிக் கேட்டேன். "விழுகிற இலைகளைக் காணும்போது உங்கள் ஞாபகம் வருகிறது, மாமா" என்று எழுதியிருக்கிறாள். சின்னனில் நீங்கள் பார்க்குக்குக் கூட்டிப்போய்க் கஸ்தான் கொட்டை பொறுக்கிக் கொடுத்த ஞாபகமாம். பிரெஞ்சில் இது பாசம். தமிழில் வந்து விழுகிற விதம் வேறு.

மச்சான், மனதில் கைவைத்து யோசியுங்கள். உங்களைச் சாகச் சொல்ல நினைக்கிறவன் அஞ்சு அடுக்கு வெட்டி, அடுக்குக்கு அடுக்கு செருப்புச் சீவி வைப்பானா? வெறுமனே போனில் சொல்ல மாட்டானா? இங்கத்தைச் சனம் இந்த இலையைப் பார்ப்பதற்கென்றே ரயில் ஏறிப் போகுதுகள், இலையோடு நின்று படம் எடுக்குதுகள். அவர்களுக்கு அது சாவு இல்லை, ஒரு அழகு. நீங்களும் முப்பது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டு வாசலில் இலை விழும்போது ஆருடனும் கோபித்தீர்களா? பிழை முழுக்க என்னுடையது. இனி என் கடைக்குள் இலை என்றால் வெற்றிலையும் வாழையிலையும்தான். பிள்ளைக்கு நீங்கள் கோபம் என்பது இன்னும் தெரியாது. தெரிந்தால் அந்த மெசினைத் தொடமாட்டாள், கலியாணச் சேலையையும் தொடமாட்டாள். வாருங்கள் மச்சான். வந்து தேங்காயை உடையுங்கள். கோபம் மிச்சம் இருந்தால் அதையும் சேர்த்து அதில் உடையுங்கள்.

அக்காவுக்கு எங்கள் அன்பு. உங்களுக்கு நூறு வயது, அதற்கு மேலும் ஒரு பத்து, கைகால் சுகத்தோடு கிடைக்க அம்மாளாச்சி துணை.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கையில் தினமும் சாப்பிட வேண்டிய,
மகாலிங்கம்

பி.கு.: ஞாயிறு காலை. இதை ஆர்ஜொந்தெய் ரயிலில் இருந்து எழுதுகிறேன், எழுத்து ஆடும். காலையில் அக்கா உங்கள் தங்கைக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டா. நீங்கள் அந்தக் கவரைப் பிரிக்கவே இல்லையாம்! தடித்த கவர், கடை முத்திரை, சந்தன மணம் எல்லாவற்றையும் கண்டு அதுதான் கலியாணக் காட் என்று முடிவுகட்டி, "தாய்மாமனை வாசலிலை வந்து வெத்திலைத் தட்டம் வைச்சுக் கூப்பிடாமல் முத்திரை ஒட்டிக் கூப்பிடுறானோ? ஆர்ஜொந்தெய் என்ன அவுஸ்ரேலியாவிலையோ கிடக்கு?" என்று ரேடியேற்றருக்கு மேல் எறிந்துவிட்டீர்களாம். கலியாணக் காட் இன்னும் சென்னையில் அச்சில் கிடக்கிறது மச்சான்! வந்ததும் முதல் காட் உங்கள் வாசலுக்குத்தான் வர இருந்தது. ஆகவே மேலே நாலு பக்கத்துக்கு நான் எழுதிய காவோலை, அந்தியேட்டி, மொட்டை மரம் ஒன்றும் உங்கள் மனதில் இருந்ததில்லை. நானேதான் வரிவரியாக விளங்கப்படுத்தியிருக்கிறேன். உங்கள் தங்கை நாலு நாளுக்குப் பிறகு வாய் திறந்து, "வெளிக்கிடுங்கோ" என்றா. இப்போது தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிறா. வாழைப்பழச் சீப்புக்கு இடம் விட்டு ஒரு பிரெஞ்சுக்காரர் எழும்பி நிற்கிறார். அவ தட்டத்தை நீட்டுகிற நேரம் நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல உள்ளே போய் அந்தக் கவரை எடுத்துவிட்டு, மிஞ்சியதில் மஞ்சள் பூசி எடுத்து வந்த ஒன்றை அந்த இடத்தில் வைப்பதாக ஏற்பாடு. கண்டால் காணாதது போல இருங்கள். இந்தக் கடிதத்தை அவவுக்கு வாசித்துக் காட்டினேன். "உதை இப்ப குடுத்தியளெண்டால் அண்ணை திரும்பவும் கோவிப்பார். தை மாதம், தேங்காய் உடைச்ச பிறகு குடுங்கோ" என்கிறா.