குஞ்ஞாப்பன் என்று ஒருவர் இல்லை

பாலா ஊரிலிருந்து,
நவம்பர் 18

பேரன்பும் மரியாதையும் உள்ள குஞ்ஞாப்பன் அச்சாயனுக்கு,

ஆண்டவருக்குத் தோத்திரம். பெரியப்பா மகனான அண்ணன் என்ற முறையிலும், ஆறு வருடமாக என்னோடு பேசாதவர் என்ற முறையிலும் தங்களுக்கு என் பணிவான வணக்கம். அண்ணியின் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நம் 'ஆற்றுமாலில்' குடும்பத்தாரின் சங்கமான குடும்பயோகத்தின் இணையதளம் செப்டம்பரிலிருந்து முடங்கிக் கிடப்பது தாங்கள் அறிந்ததே. திறந்தால் வெள்ளைத் திரையில் 'இடைநிறுத்தப்பட்டது' என்று ஒரு வரி. பதினொரு தலைமுறைக் குடும்ப மரமும் அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஜனவரியில் ஆண்டுக் கூட்டம். வருகிறவர்கள் எல்லாரும் செயலாளர் என்று என் கழுத்தைத்தான் பிடிப்பார்கள். ஆகவே அந்த இணைய முகவரியை வேறொரு பதிவு நிறுவனத்துக்கு மாற்றிவிடலாம் என்று இறங்கினேன். புது நிறுவனம் தயார். பழைய நிறுவனம் தடையை நீக்கி ஒரு ரகசியக் குறியீடு தர வேண்டும், அவ்வளவுதான். அதை உரிமையாளருக்குத்தான் தருவார்களாம். உரிமையாளர் யார் என்று கேட்டேன். குஞ்ஞாப்பன் என்றார்கள்.

அச்சாயா, பதிவு செய்தபோது வீட்டில் கூப்பிடுகிற பெயரைக் கொடுத்துவிட்டீர்கள். குற்றமாகச் சொல்லவில்லை. உங்கள் ஞானஸ்நானப் பெயர் எங்களில் யாருக்குத் தெரியும்? உங்கள் கல்யாணத்தில் பாதிரியச்சன் 'குரியாக்கோஸ்' என்று வாசித்தபோது, மாப்பிள்ளை மாறிவிட்டாரோ என்று பாதிப் பேர் எட்டிப் பார்த்தார்கள். ஆனால் குஞ்ஞாப்பன் என்று ஓர் ஆளே கிடையாது என்று அந்த நிறுவனத்துக்கு யாரோ ஒரு புண்ணியவான் புகார் எழுதியிருக்கிறான். அவர்கள் அடையாள அட்டை கேட்டிருக்கிறார்கள். உங்கள் அட்டை எல்லாவற்றிலும் குரியாக்கோஸ். முடக்கிவிட்டார்கள்.

இருவரும் ஒருவரே என்று பங்குக் குருவான விகாரியச்சனிடம் கடிதம் வாங்கி அனுப்பினேன். தேவாலய முத்திரை போதாது, அரசாங்க முத்திரை வேண்டும் என்றார்கள். குடும்ப வரலாற்றுப் புத்தகத்தில் நீங்கள் ரப்பர் ஷீட் போட்டியில் பரிசு வாங்கும் படத்தை அனுப்பினேன். கீழே குஞ்ஞாப்பன் என்று தெளிவாக இருக்கிறது. முகத்தைத்தான் ஷீட் மறைத்துவிட்டது. கடைசியில் தொலைபேசியில் பேசிய பெண் பொறுமை இழந்துவிட்டாள்.

"சார், ஒரே ஒரு கேள்வி. இந்தக் குஞ்ஞாப்பன் இருக்காரா, இல்லையா?"

"இருக்காரும்மா. என்கிட்ட பேசறதில்ல, அவ்வளவுதான்."

"அப்ப நீங்க போய்ப் பேசுங்க சார்" என்று வைத்துவிட்டாள்.

ஆகையால், இரண்டு பெயரும் தாங்களே என்று நோட்டரி முன்னால் ஒரு கையெழுத்துப் போட்டு, குறியீடு வந்ததும் எனக்கு அனுப்புமாறு வேண்டுகிறேன். பழைய கசப்பை நான் அடியோடு மறந்தாயிற்று. குடும்ப மரத்தில் ஓர் எழுத்தைக்கூடத் தொடமாட்டேன். என் மகள் ரீனா இந்துப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று அவள் பெயரை நீங்கள் மரத்திலிருந்து எடுத்தது எடுத்ததாகவே இருக்கட்டும்.

மாதா உங்கள் வீட்டைக் காக்கட்டும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
இட்டூப்பு

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் என் மனைவி ரோசிலி வாங்கிப் படித்தாள். "மாதா பேரைச் சொல்லிட்டு இப்படியா புளுகுவீங்க?" என்றாள்.

புகார் எழுதியது நான்தான், அச்சாயா. ஆகஸ்டில் ரீனாவுக்கு மகள் பிறந்தாள். அன்று மரத்தைத் திறந்து பார்த்தேன். எனக்குக் கீழே ஒன்றும் இல்லை, எனக்குப் பிள்ளையே பிறக்காதது போல. தாங்க முடியவில்லை. இருக்கிற ஒருத்தரை இல்லை என்று எழுதினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியட்டும் என்று எழுதிப் போட்டுவிட்டேன்.

குறியீடு கிடைத்தால் முதல் வேலையாக ரீனா பெயரையும் குழந்தை பெயரையும் மரத்தில் ஏற்றுவேன். தடுப்பதென்றால் நேரில் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை இங்கே அரிசிமாவுப் பிடியும் கோழிக்கறியும். குழந்தையும் அன்று இங்கேதான் இருக்கும்.