கரண்டிப் பரிகாரம்

"செத்த மீனைக் காட்டியா என் கல்யாணத்தை நிறுத்துறீங்க, அத்தை?"

"நான் இன்னும் உனக்கு அத்தை ஆகலை!"

"அதான் இப்பவே கேட்டுடறேன். ஆன பிறகு கேக்க விடுவீங்களோ என்னமோ."

தையல்காரம்மாவின் கழுத்தில் தொங்கிய அளவு நாடா கோபத்தில் ஆடியது. இன்னும் இரண்டு வாரத்தில் கல்யாணம். பத்திரிகை கொடுத்து முடிந்தது. பையனின் கல்யாணச் சட்டைக்குக் காஜா எடுப்பதுதான் பாக்கி. இந்த நேரம் பார்த்து, வரப்போகிற மருமகள் பேரில் தொட்டியில் விட்ட மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கிறது.

சத்தம் கேட்டு மூன்று மாடியும் காலியானது. ஒருத்தர் வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு வந்தார். துப்பப் போனால் எதையாவது தவறவிட்டுவிடுவோமோ என்ற பயம்.

இந்த ஊரில் யாருக்குக் கல்யாணம் கூடும், யாருக்கு வேலை நிலைக்கும் என்பதையெல்லாம் ஒன்றரை வருஷமாக மீன்கள்தான் முடிவு செய்கின்றன. மனிதர்கள் அந்தப் பொறுப்பை ராஜினாமா செய்துவிட்டார்கள். எல்லாம் மீன்வாக்கு ஐயாவின் உபயம். அவர் எங்கிருந்து வந்தார் என்று யாருக்கும் தெரியாது, கேட்கவும் இல்லை. வெள்ளை ஜிப்பா, நீளமான வெள்ளிக் கரண்டி, பாதி மூடிய கண்கள். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? அவர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் பையில் மீனும் தண்ணீருமாக வரிசை நிற்கும். வங்கிக்காரர் நிற்பார், வாத்தியார் நிற்பார். மீனுக்குத்தான் வெட்கம் தாங்காது.

ஐயாவின் சட்டம் எளிது. வீட்டில் தொட்டி வைக்க வேண்டும். தண்ணீரை மாற்றவே கூடாது. "அதிர்ஷ்டம் ஊறின தண்ணிம்மா. வத்தினா மேல கொஞ்சம் ஊத்திக்கோ. கீழ இறக்கினே, குடும்பமே இறங்கிடும்." வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் அவர் பேரில் ஒரு புது மீனை ஐயாவே தொட்டியில் விடுவார். மறுநாள் பொழுது சாய்வதற்குள் மீன் செத்தால், வருகிறவருக்கு அந்த வீட்டில் இடமில்லை. செத்தால் வழி உண்டு, கரண்டிப் பரிகாரம். இரண்டாவது மீன் பையோடு தொட்டியில் மிதக்க, ஐயா கண்ணை மூடி முணுமுணுத்தபடி தொட்டித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் பைக்குள் விடுவார். அரை நாள் ஆகும். பிறகு மீனை விடுவார். அது பிழைக்கும்! வீடே கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

பரிகாரச் செலவு பெண் வீட்டார் தலையில். அதனால்தான் தையல்காரம்மா மகனுக்கு இதற்கு முன் மீன் செத்து இரண்டு சம்பந்தம் முறிந்தது. "எங்க பொண்ணுக்கு மீன் சர்டிபிகேட் தேவையில்லை" என்று இரண்டு வீட்டாரும் எழுந்து போய்விட்டார்கள். மகன் லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடியையும் ஏற்றி இறக்குகிறவன், அம்மா எதிரில் மட்டும் பாதி வழியில் நின்றுவிடுவான். இன்றும் அப்படித்தான், சுவரோடு சுவராக நின்றான்.

இந்த மூன்றாவது பெண் குடிநீர் நிலையத்தில் தண்ணீர் பரிசோதிக்கிறவள். தெருவில் அவளுக்குத் தண்ணிக்காரி என்று பேர் வைத்தாகிவிட்டது. அவள் தொட்டியருகே குனிந்து முகர்ந்தாள், மூக்கைச் சுருக்கினாள்.

"அத்தை, இந்தத் தண்ணியை எப்ப மாத்தினீங்க?"

"சிவசிவா! மாத்தறதாவது!"

"உள்ள இருக்கற பழைய மீன் அஞ்சும் நல்லாத்தானே இருக்கு?"

"அதைத்தானேடி சொல்றேன்! பழசெல்லாம் நல்லா இருக்கு, உன்னுது மட்டும் ஏன் சாகுது?"

கூட்டம் தலையாட்டியது. கூட்டத்துக்குத் தெரிந்த ஒரே உடற்பயிற்சி அது.

அந்த நேரத்துக்கு ஐயாவே படியேறி வந்தார். போட்டிருந்த ஜிப்பா தையல்காரம்மா கூலி வாங்காமல் தைத்துக் கொடுத்த ஏழில் ஒன்று. மிதக்கும் மீனைப் பார்த்து, தாடியை நீவி, "பரிகாரம் செஞ்சா எல்லாம் சரியாகும். பொண்ணு வீட்ல பேசட்டும்" என்றார்.

"பேச என்ன இருக்கு, ஐயா? மீன் கொண்டாந்திருக்கேன்" என்று தண்ணிக்காரி கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள். உள்ளே ஒரு சிவப்பு மீன் துறுதுறுவென்று சுற்றியது.

"உன் பேர்லயா?"

"இல்லை, உங்க பேர்ல."

தையல்காரம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஐயா பேரில் மீனா? இது பாவமா, புண்ணியமா? யாரைக் கேட்பது? கேட்க வேண்டியவரே பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்தார்.

"நீங்களும் இந்த வீட்டுக்கு வெளியிலிருந்து வந்தவர்தானே? உங்களுக்கு இங்க இடம் இருக்கான்னு பாத்துடலாம். இத்தனை பேர் முன்னாடி."

"பாத்துடலாமே!" என்றது பிரஷ் வாய். கூட்டம் ஐயா பக்கம்தான். அவர் மீனா சாகும்?

ஐயா சிரித்தார்; கரண்டியை உருவினார்.

"கரண்டி எதுக்கு? அது தோஷம் இருக்கறவங்களுக்குத்தானே? என் மீனை நேத்து எப்படி விட்டீங்க?"

"தொபுக்குன்னு கவுத்தாரு" என்றான் சுவரோடு நின்றவன். அவன் குரலை அன்றுதான் பலர் முதல்முறையாகக் கேட்டார்கள்.

"அப்ப இதுவும் தொபுக்குன்னு போகட்டும்." அவள் ரப்பர் பேண்டை அவிழ்த்துப் பையைத் தொட்டிமேல் சாய்த்தாள். தண்ணீர் விளிம்புக்கு வந்தது. மீனும் வந்தது.

ஐயா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஏய், அப்படியே விட்டா செத்துடும்! தண்ணி பழக வேணாமா?"

சொல்லிவிட்டுத்தான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

பிரஷ் ஆசாமி வாயிலிருந்த நுரையை முழுங்கியேவிட்டார்.

தையல்காரம்மாதான் முதலில் அசைந்தாள். "அப்போ... இவ மீனை? அதுக்கு முன்னாடி அந்த ரெண்டு பொண்ணுங்க மீனை? தெரிஞ்சேதான் கவுத்தீங்களா?"

"அம்மா, அது வந்து... கிரக நிலை..."

"கிரகமெல்லாம் இல்லை, அத்தை. வளர்ப்பு மீன் கடையில வேலை பாத்திருப்பார். ஒவ்வொரு கடையிலயும் சொல்லி அனுப்புற விஷயம் இது. மாத்தாத தண்ணியில மீன் கழிவு சேந்து சேந்து விஷமாகும். பழைய மீனுக்குக் கொஞ்சம் கொஞ்சமா அந்த அழுக்கு பழகிடும். நல்ல தண்ணியிலேருந்து புதுசா வர்றதுக்குத் திடீர்னு மூச்சு முட்டும். கரண்டி கரண்டியா பழக்கினா தாங்கிக்கும். மந்திரம் சொல்லலைன்னாலும் தாங்கும்." அவள் நிறுத்தி, தையல்காரம்மாவை நேராகப் பார்த்தாள். "புதுசா வர்றது செத்தா, வந்ததைக் குத்தம் சொல்றதா, தண்ணியைப் பாக்கறதா?"

மீனைப் பற்றித்தான் பேசுகிறாளா என்று தையல்காரம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. கேட்கவில்லை. மகன் சுவரை விட்டு நகர்ந்து வந்து அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்றான். நின்றவனைப் பார்த்ததும் தையல்காரம்மாவுக்குப் பதில் தெரிந்துவிட்டது. மடமடவென்று போய் வாளியை எடுத்துவந்தாள்.

"எல்லாத்தையும் ஒரே நாள்ல கொட்டிடாதீங்க அத்தை, பழசுங்க தாங்காது. வாரத்துக்குக் கொஞ்சம்."

"சரிதாண்டி, எனக்கும் கொஞ்சம் டைம் குடு" என்றாள் தையல்காரம்மா. ஐயா அதற்குள் முதல் மாடியைத் தாண்டியிருந்தார். 'எனக்கு அப்பவே தெரியும்' என்று கூட்டத்தில் ஆறு பேர் சொன்னார்கள். அந்த ஆறு பேர் வீட்டிலும் பச்சைப் பாசித் தொட்டி உண்டு.

குறித்த நாளிலேயே கல்யாணம் நடந்தது. ஜோடி குடிநீர் நிலையக் குடியிருப்புக்குப் போய்விட்டது, ஞாயிறானால் வருகிறார்கள். மீன் செத்ததால் சம்பந்தம் முறிந்த இரண்டு பெண்களில் ஒருத்தி நர்ஸ். கடல் தாண்டி வேலைக்குப் போய் அங்கேயே ஒருவரைக் கட்டிக்கொண்டாள். இன்னொருத்திக்கு இன்னும் ஆகவில்லை. தையல்காரம்மா அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போனாள். கதவு பாதிதான் திறந்தது. அதுவே அதிகம்.

ஐயா வேறு ஊருக்குப் போய்விட்டார். இப்போது செடிவாக்கு சொல்கிறாராம். புதிதாக நட்ட செடி வாடினால் வீட்டில் யாருக்குத் தோஷம் என்று. வரிசை பெரிசாம். அந்த ஊர் மகாஜனங்களே, அவர் காலில் விழுவதற்கு முன் ஒரே ஒரு முறை மண்ணைத் தொட்டு, ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு விரல் போதும். மூளையைக்கூட முழுசாகச் செலவழிக்க வேண்டாம்.