இது ஒறிஜினல் இல்லை

மனோரஞ்சிதத்தின் முழங்காலில் என் இரண்டு கையும் எண்ணெயோடு இருந்தபோதுதான், உலகத்தில் ஒறிஜினல்காரர் என்றோர் இனம் உண்டு என்பது எனக்கு முழுதாக விளங்கியது.

நீங்களும் அவரைக் கண்டிருப்பீர்கள். எந்தப் பாட்டு ஒலித்தாலும் அது முடியுமட்டும் பொறுக்கமாட்டார். ஒரு விரலை உயர்த்தி, "இது ஒறிஜினல் இல்லை" என்பார். பாட்டோடு நின்றாலாவது பரவாயில்லை. சம்பல் வைத்தால் அது சம்பல் இல்லை, பனி கொட்டினால் போன வருடத்துப் பனிதான் பனி, இங்கே டென்மார்க்கில் கிரின்ஸ்டெட் பேக்கரிக்குப் போனால், பின்னால் சனம் வரிசையில் நிற்க, இந்த இனிப்புப் பாண் உங்களுடையதல்ல, வியன்னாவிலிருந்து வந்தது என்று விற்கிற பெண்ணுக்கு விளக்குவார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதனால்தான் அதற்கு வியன்னாப் பாண் என்று பெயர் என்றாள். அவர் பாண் வாங்காமலே வந்துவிட்டார்.

அவர் மனோரஞ்சிதத்தின் கணவர் சிறீஸ்கந்தராசா. என் பக்கத்து வீடு. எண்பத்தாறாம் ஆண்டுப் பனியில் அவள் வழுக்கி விழுந்து காலை முறித்தாள். மாவுக்கட்டு வெட்டியாயிற்று. இனி நடக்காவிட்டால் முழங்கால் இறுகியே போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அவளுக்கோ பயம். கட்டிலை விட்டு இறங்கமாட்டேன் என்றாள்.

நான் மட்டக்களப்பில் எத்தனையோ நோயாளரை எழுப்பி நடக்கவைத்தவள். பயந்த காலுக்குப் புத்திமதி ஏறாது, தாளம் ஏறும். அவளுக்குப் பிடித்த லத்தீன் ஆட்டப்பாட்டு ஒன்று, எங்கள் ஊர் பைலாப் பாட்டுக்காரர் கலியாண வீடுகளில் விடிய விடிய அடித்த மெட்டு, கசற்றில் இருந்தது. அவரைப் போடச் சொன்னேன். இடுப்பு அசைந்தது. பாதம் நிலத்தில் ஊன்றியது. பாதி எழும்பிவிட்டாள்.

டக். பாட்டு நின்றது.

"மாமி, இது கொழும்புக் கோஷ்டி அடிச்சது. தாளத்தைக் குழப்பிப் போட்டாங்கள்."

அவள் திரும்பக் கட்டிலில் இருந்துவிட்டாள். அவர் வேறு கசற் போட்டார். அது அமெரிக்கர் ஆங்கிலத்தில் பாடியது. அவள் எழும்ப, அர்த்தத்தையே மாற்றிவிட்டார்கள் என்று நிறுத்தினார். அடுத்தது இத்தாலிக்காரரின் டிஸ்கோ; அவமானம் என்று நிறுத்தினார். எழும்புவதும் இருப்பதுமாக அந்தக் கால் நன்றாக இருக்கப் பழகிக்கொண்டது.

"அப்ப ஒறிஜினல் ஆரிட்டத் தம்பி இருக்கு?" என்று கேட்டேன்.

"வைலே ரவுணில, என்ர சிநேகிதன் பீற்றரிட்ட."

"அது இல்லாமல் எப்பிடி நடக்கிறது? போய் எடுத்துக்கொண்டு வாரும்."

கார்ச்சத்தம் தேய்ந்ததும் மனோரஞ்சிதம் சொன்னாள்: "நல்லகாலம் மாமி, எனக்கு அக்கா ஒருத்தியும் இல்லை. இருந்திருந்தா அவதான் ஒறிஜினல் எண்டிருப்பார்."

கொழும்புக் கசற்றையே திரும்பப் போட்டேன். போகும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு குசினிவரை போனாள். வரும்போது சுவரை மட்டும் பிடித்தாள்.

பின்னேரம் அவர் கசற்றோடு வந்தார். அவள் நடந்ததைச் சொன்னோம். கால் நோகுதா என்று கேட்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்?

"எந்தக் கசற்றுக்கு நடந்தனீர்?"

"கொழும்புக்கு."

"அப்ப அது சரியான நடை இல்லை" என்றார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் அந்தப் பாட்டின் பெயரை நான் இன்னும் சொல்லவில்லை. ஒருத்தி எழும்ப முடியாமல் அந்தரப்பட்டுக்கொண்டிருக்க, அது எந்தப் பாட்டு, முதலில் பாடியது யார் என்று நடுவில் எங்கேயாவது யோசித்தீர்களா? அப்படியானால் உங்கள் வீட்டு றெக்கோடரை வேறொருவர் பொறுப்பில் விடுங்கள்.

மறுநாள் காலை நான் எண்ணெய்ப் போத்தலோடு போனபோது, அவர் வைலேக் கசற்றைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். மனோரஞ்சிதம் கட்டிலை விட்டு எழும்பினாள். ஒருவரையும் பிடிக்காமல் முன்னறைவரை நடந்து வந்து, டக் என்று அதை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனாள்.