மாமனார் காதுக்கு ஒரு பூட்டு

"நேத்து நீங்கதான் பாத்திரம் கழுவினீங்களாமே?" என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டதும் மாப்பிள்ளை சட்டென்று வீட்டுக்குள் நழுவினார்.

மாமனாருக்கும் பெரியவருக்கும் ஒரே கம்பெனியின் காது மிஷின். அதோடு வந்த மைக்கில் இங்கே கிசுகிசுத்தால் இரண்டு பேர் காதிலும் விழுந்தது. பெரியவரின் மகனோ மாப்பிள்ளைக்கு மேனேஜர்.

மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேறு வேலை கிடைத்திருந்தது. ஆர்டர் கைக்கு வரும்வரை மேனேஜருக்குத் தெரியக் கூடாது. ஆனால் மனைவி பிடிவாதமாக இருந்தாள். "அப்பாகிட்ட சொல்லாம நான் ஊர் மாற மாட்டேன்."

கத்திச் சொன்னால் தெருவுக்கே கேட்கும். மைக்கில் சொன்னால் பெரியவருக்குக் கேட்கும்.

மாப்பிள்ளை சின்னக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர். "பேச்சைச் சங்கேதமா மாத்தி அனுப்பறேன். அதைத் திறக்கிற சாவி அப்பா மிஷின்ல மட்டும்தான். மத்த காதுல வெறும் இரைச்சல்தான் கேக்கும்" என்று மார்தட்டினார். லேப்டாப்பிலிருந்தே மாமனாரின் மிஷினுக்குச் சாவியை அனுப்பிவிட்டு, மைக்கோடு அவர் எதிரே போய் உட்கார்ந்தார்.

"மாமா, எனக்கு வெளியூர்ல வேலை கிடைச்சிருக்கு."

மாமனார் ஜன்னலைப் பார்த்தார். "மழையா மாப்பிள்ளை?"

வெளியே வெயில் பொசுக்கிக்கொண்டிருந்தது.

"மிஷினுக்குள்ள இருக்கிற சிப்பு மிளகு சைஸ். என் பூட்டு அதுக்கு ரொம்பக் கனம்" என்று மனைவியிடம் சமாளித்தார் மாப்பிள்ளை. பூட்டை இலேசாக்கினார். "மாமா, மேனேஜர்கிட்ட மூச்சு விட்டுடாதீங்க. அந்தாளு ஒரு சிடுமூஞ்சி."

"பலத்த மழைதான். மாடியில துணி காயுதேம்மா!"

"என்னங்க, எழுதிக் காட்டித் தொலைங்களேன்" என்றாள் மனைவி.

"பதினைஞ்சு வருஷம் இதே வேலை பாத்துட்டு எழுதிக் காட்டறதா?" மாப்பிள்ளைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பேச்சைப் பாதியாகச் சுருக்கி அனுப்ப ஏற்பாடு செய்தார். மைக்கை வாயருகே பிடித்து ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். "வேலை. வெளியூர். அடுத்த மாசம். ரகசியம்." மறுபடியும் சொன்னார். அதற்கும் மேல் ஒருமுறை சொன்னார்.

மாமனார் எழுந்து, குடையை விரித்துக்கொண்டு, துணி எடுக்க மாடிக்குப் போனார்.

மாப்பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது மதிலுக்கு மேலே பெரியவரின் தலை தெரிந்தது.

"மாப்பிள்ளை, காலையில செஸ் ஆடறப்ப எங்க மிஷின் மாறிப்போச்சு போல, உங்க மாமனாரோடது என் காதுல இருக்கு, வேலை கிடைச்சதுல எங்க எல்லாருக்கும் சந்தோஷம், சிடுமூஞ்சின்னு சொன்னதுக்குத்தான் பையன் கொஞ்சம் வருத்தப்படறான்."