கண்ணு எத்தனை கிராம்?

கண்ணேறுக்கு எடை உண்டு. உங்களுக்குத் தெரியாதா? அப்படியானால் நீங்கள் மருந்துக்கடை மாடிப் பக்கம் போனதே இல்லை. அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். "உங்கள் குழந்தை மேல் எத்தனை கிராம் கண்ணேறு? வாருங்கள், எடை போட்டு இறக்குகிறோம். புது டயப்பர் இலவசம்." அதற்கு அடியில் கொஞ்சம் சின்ன எழுத்தில், "தந்தையர் மட்டும்."

மாடிப்படியில் தொடங்கிய வரிசை, மருந்துக்கடையைத் தாண்டி, சலூனைத் தாண்டி, பஸ் நிறுத்தம் வரைக்கும் நீண்டிருந்தது. அத்தனையும் அப்பாக்கள். பிள்ளையை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் ஒருவர் தோளில் சாத்தியிருந்தார், ஒருவர் கக்கத்தில் இடுக்கியிருந்தார். வழியில் போன பெண்கள் நின்று பார்த்து, "அடடா, ஆம்பளைங்க எவ்வளவு மாறிட்டாங்க!" என்று பூரித்துப் போனார்கள். பாவம், அவர்களுக்கு மாடியில் நடப்பது தெரியாது.

மாடியில் கண்ணெடையார் இருந்தார். அது அவரே தனக்கு வைத்துக்கொண்ட பேர். வெள்ளைக் கோட்டு, சட்டைப்பையில் நாலு பேனா. மேஜை மேல் குழந்தைகளைக் கிடத்தி நிறுக்கும் தராசு, சிவப்பு எழுத்தில் எண் ஒளிரும் வகை. முறை ரொம்ப எளிது. வந்த கோலத்திலேயே பிள்ளையை எடை போடுவார். பிறகு உதவியாளப் பெண்மணி ஒருவர் திரைக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு போய், இறகால் உடம்பு முழுக்கத் தடவி, பழைய டயப்பரில் கண்ணின் தூசு ஒட்டியிருக்கும் என்று அதைக் கழற்றிப் போட்டு, புது டயப்பர் மாட்டிக் கொண்டுவருவார். திரும்ப எடை. குறைந்தது எத்தனை கிராமோ, அத்தனை கிராம் கண்ணு. கட்டணம் நூறு கிராமுக்கு இவ்வளவு என்று.

"அம்மாமார் ஏன் வரக்கூடாது?" என்று யாரோ கேட்டதற்குக் கண்ணெடையார் கையை உயர்த்திச் சொன்னார்: "பெற்றவள் பார்வை பட்டால் தராசு முள் நடுங்கும்."

அது டிஜிட்டல் தராசு. அதில் முள்ளே கிடையாது. கூட்டத்தில் ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை. நம்ம ஆளுக்கும் உறைக்கவில்லை. இத்தனைக்கும் நம்ம ஆளுக்குத் தொழிலே தராசு ரிப்பேர்.

கடைக்காரர்கள் அவரைத் 'துல்லியம்' என்று கூப்பிடுவார்கள். இருபது வருஷமாகப் பித்தளைப் படிக்கல் பெட்டியோடு கடைகடையாக ஏறி இறங்குகிறவர். ஒரு பொட்டலத்தைக் கையில் வாங்கினால் எத்தனை கிராம் என்று சொல்லிவிடுவார். ஐந்து கிராம் முன்னே பின்னே போனால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. வீட்டில் சோப்பு, சீப்பு, செருப்பு, எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தவர். மகள் பிறந்த அன்றைக்கே டயப்பர் ஒன்றை நிறுத்து, "இருபத்தெட்டு கிராம்" என்று மனைவியிடம் சொன்னார். அதோடு அவருக்கும் டயப்பருக்கும் உறவு முடிந்தது.

மகளுக்குப் பத்து மாசம். மூன்று வாரமாக எடை ஏறவில்லை. சுகாதார நிலைய நர்ஸ், "தவழ ஆரம்பிச்ச பிள்ளை அப்படித்தான் இருக்கும், நல்லா சாப்பிடறா, விளையாடறா, பயப்படாதீங்க" என்றார். நர்ஸ் காசு வாங்காமல் சொன்னதால் துல்லியத்துக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. மாடிப்படி ஏறினார்.

ஏறினவர் சும்மா ஏறவில்லை. "உங்க தராசை நான் சோதிக்கணும்" என்று பெட்டியைத் திறந்தார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. கண்ணெடையார் முகம் மலர்ந்து, "தாராளமாகச் சோதியுங்கள் ஐயா!" என்றார். ஒரு கிலோ, இரண்டு கிலோ, ஐந்து கிலோ, எல்லாப் படிக்கல்லையும் வைத்துப் பார்த்தார். ஒரு கிராம்கூடப் பிசகவில்லை.

துல்லியம் கூட்டத்தைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினார். "தராசு சரியா இருக்கு! போகும்போதும் டயப்பர், வரும்போதும் டயப்பர். அதுவும் இருபத்தெட்டு, இதுவும் இருபத்தெட்டு. அது கழிஞ்சு போச்சு. மிச்சம் குறையறது என்ன? நீங்களே சொல்லுங்க!"

"கண்ணு!" என்றது கூட்டம்.

அறிவாளி ஒருவர் ஏமாந்தால் ஊருக்கே வசதி, யோசிக்கிற வேலை மிச்சம். அன்று சாயங்காலமே துல்லியத்தின் போட்டோ பெரிதாகி மாடி ஹாலில் தொங்கியது: "தராசு நிபுணரின் சான்று."

அவர் மகளுக்கு முந்நூற்று நாற்பது கிராம் கண்ணு. வரிசையில் முன்னால் நின்ற பிள்ளைக்கு நூற்றைம்பதுதான். கடைசியில் நின்ற பிள்ளைகளுக்கெல்லாம் எகிறியது. "காத்திருக்கக் காத்திருக்க அடுத்தவர் பார்வை சேருமல்லவா?" என்று கண்ணெடையார் விளக்கினார். அதோடு வரிசையில் இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் பாட்டில் பாட்டிலாகக் 'கண் இளக்கும் நீர்' புகட்டினார்கள். அதுவும் இலவசம். காசுக்குக் கஷ்டப்பட்டு ஒரே டயப்பரை நாளெல்லாம் ஓட்டுகிறவர்கள் பிள்ளைகளுக்குத்தான் கண்ணு அதிகம் வந்தது. கட்டணமும் அவர்களுக்குத்தான் அதிகம்.

"இது யாரோட கண்ணு ஐயா?" துல்லியம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

கண்ணெடையார் கண்ணை மூடினார். கையில் இருந்தது, வரும்போது துல்லியமே நிரப்பிக் கொடுத்த படிவம். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் யார், அவருக்குப் பிள்ளைகள் எத்தனை, எல்லாம் அதில் இருந்தது. "பிள்ளை இல்லாத கண்ணு," என்றார். "தினமும் தூக்குகிற கண்ணு."

அடேயப்பா, எப்படிச் சரியாகச் சொல்கிறார் என்று துல்லியத்துக்குப் புல்லரித்தது.

அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரர் மனைவியின் அக்கா. அடுத்த தெருவில் தையல் கடை. புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. துல்லியத்தின் மனைவி பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டர் வேலைக்குப் போனால்தான் வீடு ஓடும். குழந்தைக் காப்பகத்தில் விட்டால் அந்தச் சம்பளம் அப்படியே அங்கேயே போய்விடும். அதனால் பெரியம்மாதான் காலையில் வந்து, தையல் வேலையையும் இங்கேயே கொண்டுவந்து, பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். பழைய போர்வைகளை வெட்டி மெத்துமெத்தென்று நாற்பது துணி தைத்து அடுக்கியிருந்தார். கடை டயப்பர் வெளியே போனால் மட்டும்தான். ஒரு பைசா வாங்கியதில்லை.

மறுநாள் காலை பெரியம்மா செருப்பைக் கழற்றும்போதே துல்லியம் வாசலில் நின்றார்.

"அக்கா, நீங்க கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்கங்களேன்."

"நான் களைச்சுப் போயிட்டேன்னு யார் சொன்னா?"

"இல்ல... மாடியில எடை போட்டாங்க..." மென்று விழுங்கிக் கடைசியில் கொட்டிவிட்டார். முந்நூற்று நாற்பது கிராமையும்.

பெரியம்மா கழற்றின செருப்பைத் திரும்ப மாட்டினார். "பிள்ளை இல்லைன்னு எனக்குத் தெரியும் மாப்பிள்ளை. அதை ஒரு தராசு வந்து சொல்லணுமா?" என்றார். உள்ளேயிருந்து குழந்தை அவர் குரலைக் கேட்டுக் கையை நீட்டிக்கொண்டு தவழ்ந்து வந்தது. அவர் அதைத் தூக்கவில்லை. தூக்கினால் கண்ணு பட்டுவிடுமே. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

மனைவிக்கு வந்த கோபத்தில் வீடு ரெண்டுபட்டது. "எனக்கு லீவு தீர்ந்து போச்சு. இன்னிக்கு வரலைன்னா வேலையே இல்லைன்னு சொல்லிட்டாங்க. கண்ணு இல்லாத ஆள் நீங்கதான? நீங்களே பாத்துக்கங்க!" என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

துல்லியம் தைரியமாகத்தான் ஆரம்பித்தார். துணி துவைக்க வேண்டாமே என்று புத்திசாலித்தனமாகக் காலையில் மனைவி மாட்டியிருந்த கடை டயப்பரை அப்படியே விட்டுவிட்டார். பதினோரு மணிக்குக் குழந்தை சிணுங்கியது. பன்னிரண்டுக்கு அழுதது. ஒரு மணிக்கு அது அழுத அழுகையில் பக்கத்து வீட்டு ஜன்னல் இரண்டு திறந்தன. துல்லியம் கிலுகிலுப்பை ஆட்டினார், குரங்கு மாதிரி குதித்துக் காட்டினார், கடைசியில் மனைவிக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, கண்ணு திரும்ப ஏறிடுச்சு போல. ஓயாம அழறா."

"கையை வச்சுப் பாத்தீங்களா?"

"நெத்தியிலயா?"

"டயப்பர்ல!" கவுண்டரில் டிக்கெட்டுக்கு நின்ற பயணிகள் சிரிப்பது போனில் கேட்டது. "எப்ப மாத்தினீங்க?"

"மாத்தணுமா?"

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

துல்லியம் மூச்சை அடக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரண்டு விரலால் டயப்பரைக் கழற்றினார். அது கைக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். இருபது வருஷம் எடை பார்த்த கை. அந்தக் கை பொய் சொல்லாது. முந்நூற்றுப் பத்து, முந்நூற்றுப் பதினைந்துக்குள் இருக்கும் என்றது. ஓடிப்போய்த் தராசில் வைத்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு.

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு வெறும் உடம்போடு சந்தோஷமாகத் தவழ்ந்து போயிற்று. துல்லியம் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். ஊர்த் தராசையெல்லாம் திருத்தியவன், பெற்ற பிள்ளையின் மூத்திரத்துக்கு நூறு கிராம் கணக்கில் காசு கட்டியிருக்கிறேன்! அதை நினைத்துக்கூட அவருக்கு அவ்வளவு வலிக்கவில்லை. அந்த மூத்திரத்துக்காக ஒரு மனுஷியை வாசலோடு அனுப்பினதை நினைத்தபோதுதான் வெட்கம் பிடுங்கித் தின்றது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு தையல் கடைக்கு ஓடினார். "அக்கா, நான் முட்டாள்," என்று ஆரம்பித்தார்.

"அது தெரிஞ்ச விஷயம்தான். வேற?"

எல்லாவற்றையும் சொன்னார். பெரியம்மா தையல் மிஷினை நிறுத்தவே இல்லை. கடைசியில் நூலைக் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னார்: "என்கிட்ட மன்னிப்புக் கேக்கறது இருக்கட்டும். உங்க போட்டோவைப் பாத்துட்டு எத்தனை பேரு எத்தனை வீட்ல எத்தனை பொம்பளையை வாசலோட அனுப்பியிருப்பாங்க? ஊரறிய வாயைத் திறந்தீங்கல்ல? சொன்னதை ஊரறியவே திரும்ப வாங்கிக்கங்க."

மறுநாள் காலை இருவருமாகக் குழந்தையோடு வரிசையில் நின்றார்கள். மாடி ஏறவே நாலு மணி நேரம். வாசலில் உதவியாளப் பெண்மணி பெரியம்மாவைத் தடுத்தார். "அம்மாமாருக்கு அனுமதி இல்லைங்க."

"நான் யாருக்கும் அம்மா இல்லையே. உங்க ஐயாதான எடை போட்டுச் சொன்னாரு?" என்றபடி பெரியம்மா உள்ளே போய்விட்டார்.

கண்ணெடையார் துல்லியத்தைக் கண்டதும், "வாருங்கள் நிபுணரே!" என்று எழுந்து நின்றார். எடை போட்டார். எட்டு கிலோ நானூற்றுப் பத்து. உதவியாளர் குழந்தைக்குக் கை நீட்டினார்.

"திரைக்குப் பின்னாடி வேணாம்," என்றார் துல்லியம். "இங்கயே."

மேஜையிலேயே குழந்தையைக் கிடத்தி, நேற்றுக் கற்ற வித்தையைக் காட்டினார். டயப்பரை முதலில் முன்பின்னாகப் போட்டார், பெரியம்மா முறைத்ததும் திருப்பிப் போட்டார். அறுபது அப்பாக்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பிள்ளையைத் தராசில் வைத்தார். எட்டு கிலோ தொண்ணூறு.

"முந்நூத்தி இருபது கிராம் கண்ணு போயிடுச்சு. இறகு இல்ல, மந்திரம் இல்ல. எங்க போச்சு?" கழற்றிய டயப்பரைச் சுருட்டித் தராசில் வைத்தார். முந்நூற்று நாற்பத்தெட்டு. "புது டயப்பர் இருபத்தெட்டு. மிச்சம்? முந்நூத்தி இருபது! ஒரு கிராம் கூடுதலும் இல்ல, ஒரு கிராம் குறைவும் இல்ல. ஐயா, இத்தனை நாளா நீங்க எடை போட்டது எங்க பிள்ளைங்க மூத்திரத்தை!"

கண்ணெடையார் லேசுப்பட்டவரா? "அதேதான்!" என்று கை தட்டினார். "கண்ணேறு மூத்திரமாக மாறித்தான் இறங்கும்! அதைத்தானே நாங்கள் செய்கிறோம்!"

கூட்டத்தில் பாதிப் பேர், "ஆமால்ல?" என்று தலையாட்டினார்கள். துல்லியம் திகைத்துப்போனார்.

பெரியம்மா மேஜையிலிருந்து புது டயப்பர் ஒன்றை எடுத்துப் பிரித்தார். பக்கத்திலிருந்த கண் இளக்கும் நீர் பாட்டிலைத் திறந்து, இருநூறு மில்லியையும் அதில் ஊற்றினார். தராசில் வைத்தார். சிவப்பு எழுத்தில் இருநூற்று இருபத்தெட்டு ஒளிர்ந்தது.

"இதை எந்தப் பிள்ளையும் கட்டல," என்றார். "பாட்டில் தண்ணிக்கு யாரு கண்ணு பட்டுச்சு? என் கண்ணா, உங்க கண்ணா?"

கண்ணெடையார் சட்டைப்பைப் பேனாக்களைச் சரிசெய்தார். "அறைக்குள் ஒரு கருவி இருக்கிறது, எடுத்து வருகிறேன்," என்று திரைக்குப் பின்னால் போனார். போனவர் போனவர்தான். பின்பக்கப் படி ஒன்று இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. காசுப்பெட்டிக்குத் தெரிந்திருந்தது, அதுவும் கூடவே போய்விட்டது.

துல்லியம் ஸ்டூல் போட்டு ஏறித் தன் போட்டோவைத் தானே இறக்கினார். "இந்த மூஞ்சியைப் பாத்து நம்பினவங்க எல்லாரும் மன்னிச்சுக்கங்க. இந்த அக்காவை நான் தப்பாச் சொன்னேன். உங்க வீட்லயும் யாரையாவது அனுப்பியிருந்தா, இன்னிக்கே போய்க் கூப்பிடுங்க. ஒரு டயப்பரைக் கையில எடுத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். நான் எடுக்கல," என்றார். கூட்டம் தலையைக் குனிந்துகொண்டது. பின்வரிசையிலிருந்து ஓர் அப்பா மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், அந்த ஒட்டற பட்டை முன்பக்கம் வரணுமா, பின்பக்கமா?"

மறுநாள் காலை பெரியம்மா வந்து செருப்பைக் கழற்றினார். குழந்தை தவழ்ந்து வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டது. வாரி எடுத்து முத்தம் கொடுத்துவிட்டு, ஈரத்துணியை உருவித் துல்லியம் கையில் வைத்தார்.

"எத்தனை கிராம்?"

"நூத்திப் பத்து, அக்கா."

"சரியாத்தான் சொல்றீங்க. போய்த் துவைங்க."

கண்ணெடையார் இப்போது வேறு ஊரில் கடை போட்டிருக்கிறாராம். பலகை மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிறது: "தாத்தாமார் மட்டும்." அங்கேயும் பஸ் நிறுத்தம் வரைக்கும் வரிசை என்று கேள்வி. உங்கள் வீட்டுத் தாத்தா பேரனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். முதலில் பிள்ளையின் டயப்பரில் கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் தன் தலையில். எது நிறைந்திருக்கிறது, எது காலியாக இருக்கிறது என்று அவருக்கே தெரிந்துவிடும்.