சாய்ந்தால் படகு திரும்பும்

வீடியோ கேம் என்றால் கையில் பிடித்து, பொத்தானை அமுக்கி விளையாட வேண்டும் என்று நினைக்கும் பாமரர்களைக் கண்டு பரிதாபப்படும் ஓர் இனம் நம்மிடையே பெருகி வருகிறது. இவர்களுக்கு விளையாடத் தெரியாது. எதைக்கொண்டு விளையாடவே முடியாதோ, அதில் சென்சாரை ஒட்டி விளையாட வைப்பதுதான் இவர்கள் பிறந்ததன் நோக்கம். உங்கள் தாமானிலும், அதாவது குடியிருப்பிலும், ஒருவர் இருப்பார். இரண்டு வீடு தள்ளிப் போய்ப் பாருங்கள். ஈயம் உருகும் வாடை வருகிறதா? அவரேதான்.

எங்கள் ஊரான உலு திராமில் அவருக்குப் பெயர் காளிதாஸ். பகலில் தொழிற்சாலையில் பழுதான இயந்திரங்களைச் சரிசெய்கிறார். மாலையில் பழுதாகாத சாமான்களைத் தேடி வீட்டுக்கு வருகிறார். சப்பாத்தி மாவைப் பிசைந்தால் பூதம் குதிக்கும் கண்ட்ரோலர், ஈரத்துணியைப் பிழிந்தால் பீரங்கி வெடிக்கும் கண்ட்ரோலர், வாயால் ஊதினால் பட்டம் பறக்கும் கண்ட்ரோலர், அதற்காக மின்விசிறியை நிறுத்திவிட்டு வீடே வேர்த்து ஒழுகும்போது "காத்து சென்சாரைக் குழப்புது லா" என்று ஒரு விளக்கம். எதுவும் முடிந்ததில்லை. முடித்துவிட்டால் இந்த இனத்துக்கே அவமானமில்லையா?

இவர்களைக் கண்டுபிடிக்க ஒரு வாக்கியம் போதும்: "நீங்க பிடிச்ச விதம் சரியில்ல." சென்சார் தப்பே செய்யாது. மைத்துனர் செல்வா மாவைப் பிசைந்து பிசைந்து, பூதம் நகராமல் நிற்க, "மச்சான், இது மாவா சிமெண்டா?" என்று கேட்டார். "உங்க கையில ஈரம் பத்தல செல்வா. தண்ணி நிறைய குடிங்க" என்று பதில் வந்தது.

இனி லோஷினி. காளிதாஸின் மனைவி. தினமும் எல்லை தாண்டிப் போய் சிங்கப்பூரில் பொட்டலம் கட்டும் வேலை, நின்றபடி. பாலத்தைக் கடக்கும் பஸ், நின்றபடி. குடிநுழைவு வரிசையைச் சொல்லவே வேண்டாம். அவருக்கென்று உலகத்தில் இருந்த ஒரே உட்காரும் இடம் ஹாலில் கிடந்த சாய்வு நாற்காலி. வீட்டில் நாற்காலிக்கா பஞ்சம்? ஆனால் மேதையின் கண் எதன்மேல் விழும் என்று நினைக்கிறீர்கள்?

ஒரு மாலை லோஷினி வந்து உட்கார்ந்ததும் டிவியில் ஓர் ஆறும் ஒரு படகும் தோன்றின. நாற்காலியின் நாலு காலுக்கு அடியிலும் வயர்.

"லோஷி, அசையாத! உன் எடைய எடுத்துக்கிட்டிருக்கு."

"என் எடை உங்க டிவிக்கு எதுக்குங்க?"

"இடப்பக்கம் சாஞ்சா படகு இடப்பக்கம் திரும்பும். சாயேன்."

"நான் பின்பக்கம் சாயத்தான் வந்தேன்."

சாய்ந்தார். தூங்கியும்விட்டார்.

படகு நேராகப் போனது. பாறைகளைத் தாண்டி, முதலைகளைத் தாண்டி, காளிதாஸ் மணிக்கணக்கில் இடுப்பு ஒடிய ஆடி ஆடியும் பார்த்திராத கடலில் போய்ச் சேர்ந்தது. டிவி வெற்றி முரசு கொட்டியது. லோஷினி திடுக்கிட்டு எழுந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"நீ ஜெயிச்சிட்ட." துக்கம் விசாரிக்கும் குரல்.

இன்னொருவராக இருந்தால் அங்கேயே வயரைப் பிடுங்கிவிட்டு, மனைவிக்கு ஒரு தேநீர் கலக்கியிருப்பார். இந்த இனம் அப்படிச் செய்யுமா? சும்மா இருப்பவர் ஜெயித்தால் அது பெரிய ஓட்டையல்லவா? உடனே அடைத்தார். இனி யாராவது கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் நாற்காலி அதிரும், அலறும்.

மறுநாள் லோஷினி வந்தார், உட்கார்ந்தார், கண்ணை மூடினார். கீய்ங்!

"அலமாக்! என்னங்க இது?"

"நீ ரொம்ப ஓய்வா உட்கார்ற. அதுதான் பிரச்சினை."

"ஓய்வுக்குத்தானே நாற்காலி?"

"அது பழைய ஐடியா லா."

லோஷினி எழுந்தார். கார் சாவியை எடுத்தார். போர்ட்டிக்கோவில் நின்ற காருக்குள் ஏறி, கதவைப் பூட்டி, ஏர்கோனைப் போட்டு, சீட்டைச் சாய்த்தார். காளிதாஸ் பின்னாலேயே ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார். சமாதானம் பேச வந்திருக்கிறார் என்று நம்பி, லோஷினி இரண்டு விரல் அளவுக்குக் கண்ணாடியை இறக்கினார்.

"சீட்டை அப்படியே வச்சிரு லோஷி. பெல்ட்டுல ஒண்ணே ஒண்ணு ஒட்டிப் பாத்துட்டுப் போயிடறேன்."

கண்ணாடி ஏறியது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஓய்வு என்பது வீட்டுக்கு வெளியே, பூட்டிய கதவுக்குள் நடக்கிறது. ஹாலில் நாற்காலி காலியாகக் கிடந்து, அவ்வப்போது தன்பாட்டுக்கு அலறுகிறது. கேட்டால் காளிதாஸ் பெருந்தன்மையாகச் சொல்கிறார்: "அவங்களுக்கு கேம்ல ஆர்வம் இல்ல."

சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் வயரும் இல்லை, சென்சாரும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். இதை வாசிக்கும்போது எதில் சாய்ந்திருக்கிறீர்கள்? அது வீட்டில் யாருடைய இடம்? உடனே பதில் சொல்ல வேண்டாம். முதலில் வெளியே போய், காருக்குள் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.